நாலேகால் மணிக்கு எழுந்து போனவர்

ஏகாம்பரம் சார் காலமான செய்தி வந்தபோது நான் சாமிக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தேன். கடைத்தெருவுக்குப் போயிருந்த என் வீட்டுக்காரர் கையிலிருந்த பையைக்கூட இறக்காமல் வந்து நின்று, "சார் போயிட்டாராம். விடியக்காலையில" என்றார். எந்த சார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் சார் என்றால் ஒருவர்தான். தட்டில் கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எரிகிற கற்பூரத்தை ஊதி அணைக்கிற வழக்கம் நமக்குக் கிடையாது. அது தானாக அடங்குகிறவரை தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடங்கியதும் கை தன்னால் தட்டைச் சாய்த்துக் கறை இருக்கிறதா என்று பார்த்தது. இல்லை. அப்படிப் பார்க்கிற பழக்கம் அவரால் வந்தது.

நம் கற்பூர வில்லை சங்கத்து ஆண்டு மலரில் அவர் படத்தைப் போட்டு, கீழே ஒரு பக்கம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். சங்கத்து நடவடிக்கைப் புத்தகத்தை ஆரம்பத்திலிருந்து எழுதி வருகிறவள் என்பதால் கேட்டார்கள். ஒரு பக்கத்தில் அடங்காது என்று சொல்லிவிட்டேன். நல்ல மனிதர், நாணயமானவர் என்று நாலு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அவரைப் பற்றி உங்களில் பலர் நம்பிக்கொண்டிருக்கிற ஒரு விஷயம் பொய். அந்தப் பொய் என் கையெழுத்தில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவர் படத்துக்குக் கீழே என் பேரைப் போட்டுக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவரைத் தெரியாத புது உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சார் நம் ஊர்க்காரர்தான். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் சென்னையில் மண்ணெண்ணெய் ஸ்டவ் செய்கிற ஒரு கம்பெனியில், சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஸ்டவ் என்றால் இப்படி இப்படி இருக்க வேண்டும், இவ்வளவு புகைக்கு மேல் விடக் கூடாது என்று நாட்டுக்கெல்லாம் பொதுவாகத் தரம் எழுதுகிற குழு ஒன்று உண்டாம். அதில் கம்பெனி சார்பாக அவர் உட்கார்ந்து வந்திருக்கிறார். வெளியே ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிற போட்டிக் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் அங்கே ஒரே மேஜையில் உட்காருவார்கள். ஒரு தடவை டீ குடிக்கிற நேரத்தில் யாரோ விலைப் பேச்சை எடுத்து, நாலு பேர் தலையாட்டி, அது ஏகபோகத் தடைச் சட்டத்தில் வழக்காகப் போய்விட்டதாம். அதற்கப்புறம் கம்பெனி வக்கீல் ஒரு தாளை டைப் அடித்துக் கொடுத்து, கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் முதலில் இதைப் படி என்றாராம். ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பி வந்தபோது பெட்டி படுக்கையோடு அந்தத் தாளும் வந்தது.

எழுபதுகளின் கடைசியில் நம் தொழிலுக்கு ஒரு கெட்ட காலம் வந்தது. வெளியூரிலிருந்து மெழுகு கலந்த வில்லை வந்து குவிந்தது. கொளுத்தினால் கரும்புகை, தட்டில் பிசுக்கு. பூஜை சாமான் கடைக்காரர்கள் நம் சரக்கையும் சேர்த்துச் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். கற்பூரத் தூள் வாங்கி வீட்டில் வில்லை அழுத்துகிற குடும்பங்கள் நாங்கள் எட்டுப் பேர் கூடி, நல்ல சரக்குக்குப் பொதுவாக ஒரு முத்திரைச் சீட்டு ஒட்டலாம் என்று முடிவு செய்தோம். எது நல்ல சரக்கு என்று யார் சொல்வது? எட்டுப் பேரில் யார் சொன்னாலும் மற்ற ஏழு பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வில்லை செய்யாத ஒருவர் வேண்டும் என்று தேடித்தான் சார் வீட்டுக்குப் போனோம்.

கூட்டம் பெரிய தெருவுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்கும். சார் ஒரு வெள்ளைச் சாசரைத் துணியில் சுற்றி எடுத்து வருவார். வில்லையை அதில் வைத்துக் கொளுத்தி, கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். எரிந்து முடிந்ததும் சாசரைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டுவார். "கறை நிக்கக் கூடாது. புகை கூரைக்குப் போவக் கூடாது. சொன்ன எடை இருக்கணும். அவ்ளோதான் தரம். பொருள் எப்படி இருக்கணும்னு எழுதுங்க, யார் செய்யணும்னு எழுதாதீங்க" என்பார்.

அதற்கு முன்னால் அந்தத் தாள். ஒவ்வொரு கூட்டத்திலும், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் படிப்பார். இந்த மேஜையில் பொருளைப் பற்றிப் பேசலாம். விலையைப் பற்றிப் பேசக் கூடாது. யாருக்கு விற்பது, யாரை விடுவது என்று பேசக் கூடாது. ஒருவரை உள்ளே வராமல் தடுக்க விதி செய்யக் கூடாது. யாராவது பேசினால் நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறுத்தாவிட்டால் எழுந்து போக வேண்டும். எழுந்து போனதை எழுதச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்ததுமே, வில்லை அச்சுப் பட்டறை வைத்திருக்கிற நடேசன், "சார் சங்கல்பம் பண்ண ஆரம்பிச்சுட்டாரு, எல்லாம் கிழக்க பாத்து உக்காருங்கப்பா" என்பார். எல்லாரும் சிரிப்போம். சாரும் சிரித்துவிட்டு, ஒரு வரி விடாமல் படித்து முடிப்பார்.

ஒருநாள் நான் கேட்டேன். எட்டுப் பேரும் அக்கம்பக்கத்துக்காரர்கள், நாங்கள் விலையைப் பேசினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று. அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "எட்டுப் பேரும் தனித்தனியா இருந்தா வாங்க வர்றவன் எட்டுக் கடை ஏறி இறங்கலாம். எட்டுப் பேரும் ஒண்ணா உக்காந்து விலையைப் பேசிட்டா, அவன் எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே கடைதான். வெளியூர்லருந்து சாமி கும்பிட வர்றவன் மடியில நம்ம எட்டுக் கையும் இருக்கும்." அதை அன்று நான் மனசில் வாங்கிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

நடவடிக்கைப் புத்தகம் என்னிடம் வந்ததற்கும் அவர்தான் காரணம். நான் அஞ்சாவதோடு நின்றவள். பொட்டலம் கட்டி வந்த காகிதத்தையெல்லாம் படித்துப் படித்துத் தேறியவள். வீட்டுக் கணக்கு நோட்டு கூடத்து அலமாரியில் இருந்ததை எடுத்துப் புரட்டிப் பார்த்தவர், "கமலாம்மா, புஸ்தகத்தை நீங்க எழுதுங்க. இப்படிக் கணக்கு எழுதற கைக்குப் பொய் எழுத வராது" என்றார். ஆம்பளைகள் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்க எனக்கா என்று தயங்கினேன். அவர் விடவில்லை. எப்படி எழுதுவது என்றும் ஒரே ஒரு யோசனைதான் சொன்னார்: "யார் எத்தனை மணிக்கு வந்தாங்கனு எழுதுங்க. எத்தனை மணிக்குப் போனாங்கனும் எழுதுங்க. வந்ததை மட்டும் எழுதுனா அது பாதிப் பொய்."

முத்திரைச் சீட்டு வந்ததும் கடைக்காரர்கள் சீட்டு இல்லாத சரக்கை வாங்குவதை நிறுத்தினார்கள். அப்போதுதான் அடி அண்ணாமலையிலிருந்து முனியம்மாள் வந்தாள். கிரிவலப் பாதையோரம் சின்னக் கடை. அவளும் அவள் புருஷனும் வீட்டில் வில்லை அழுத்தி, பௌர்ணமிக்குப் பௌர்ணமி விற்று, மிச்சத்தை ஊருக்குள் கடைகளுக்குப் போடுகிறவர்கள். அச்சு வாங்க வழியில்லாமல் அவள் புருஷன் மரத்தில் தானே ஓர் அச்சு செதுக்கியிருந்தான். வட்டம் செதுக்க வரவில்லை, அதனால் சதுரம். பிஸ்கட் டப்பாவில் சதுரம் சதுரமாக வில்லையை அடுக்கிக்கொண்டு வந்து, எனக்கும் சீட்டு வேண்டும் என்று நின்றாள்.

நடேசன் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, "இன்னாம்மா இது, சோப்பா?" என்றார்.

"சோப்புன்னா நுரை வரும்ணே. இதுல நெருப்புதான் வரும். கொளுத்திப் பாருங்க" என்றாள் அவள்.

சார் கொளுத்தினார். முனியம்மாளுடைய வில்லை எரிந்த இடம் தெரியவில்லை. அதே சாசரில், அதே மாதிரி, பக்கத்தில் நடேசனுடைய வில்லையையும் கொளுத்தினார். அது அடங்கியபோது மெல்லிசாக ஒரு மஞ்சள் வளையம் நின்றது. சார் சாசரை எல்லாருக்கும் காட்டிவிட்டு, நடேசன் அண்ணன் தூளைச் சலிக்கிற சல்லடையை மாற்றினால் சரியாகிவிடும் என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார். நடேசன் முகம்தான் சுருங்கிவிட்டது. எங்கள் வில்லை தப்பித்ததே என்று நான் அண்ணாமலையாரை நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு அடுத்த கூட்டத்தில் சீட்டு கொடுத்துவிடலாம் என்று சார் சொல்லி அனுப்பினார்.

அடுத்த கூட்டம் ஐப்பசியில், கார்த்திகை தீபத்துக்கு முந்தி. எட்டுப் பேரும் சாரும் வந்தார்கள். எல்லார் பேரையும் எழுதி, வந்த மணியை எழுதி, கையெழுத்து வாங்கினேன். சார் கையெழுத்து முதலாவதாக இருக்கிறது. தாளைப் படித்தார். படித்து முடித்ததும் நடேசன், தரத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார். வில்லை வட்டமாக இருக்க வேண்டும், இந்த அளவு விட்டம், இந்தக் கனம், வார்ப்படப் பித்தளை அச்சில் அழுத்தியதாக இருக்க வேண்டும். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தால்தான் முத்திரைக்கு மதிப்பு என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

சார் கேட்டார்: "அந்த அச்சு உங்க பட்டறையில மட்டும்தானே வார்க்கறீங்க? யார் வந்து கேட்டாலும் ஒரே மாதிரி குடுப்பீங்களா?"

"நம்ம சங்கத்து ஆளுங்களுக்குக் குடுப்பேன்."

"சங்கத்துல சேரணும்னா சீட்டு வேணும். சீட்டு வேணும்னா அச்சு வேணும். அச்சு வேணும்னா சங்கத்துல இருக்கணும். அப்ப அந்தப் பொண்ணு எந்த வாசல் வழியா உள்ள வரும்?"

பிறகு நடேசன், அது கிடக்கட்டும் என்று, அடுத்த பேச்சை எடுத்தார். இந்தத் தீபத்துக்கு எட்டுப் பேரும் டப்பாவுக்கு ஒரே விலை வைப்போம், ஒருத்தரும் கம்மி பண்ணக் கூடாது என்றார். தொகையையும் சொன்னார். சார் நிறுத்தச் சொன்னார். நடேசன் நிறுத்தவில்லை. இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்துவிட்டு, சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எழுந்தார்.

"மணி நாலேகால். நான் எழுந்து போறேன். விலைப் பேச்சும், அந்தப் பொண்ணை வெளிய நிறுத்தற விதியும் எனக்குச் சம்மதமில்ல. கமலாம்மா, எழுதிக்குங்க."

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நான் அப்போதுதான் காபித் தட்டோடு வந்து நின்றேன். அவர் காபியை எடுக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். படித்த தாளும் சாசரும் மேஜைமேலேயே கிடந்தன.

நான் உட்கார்ந்து பேனாவை எடுத்தேன். "நாலேகால் மணிக்கு" என்று மனசுக்குள் வரி தயாராக இருந்தது. நடேசன் சொன்னார்: "அண்ணி, சார் கோவத்துல போயிட்டாரு, நாளைக்கே வருவாரு. போனாருன்னு எழுதுனீங்கன்னா ஏன் போனாருன்னு எழுதணும். ஏன் போனாருன்னு எழுதுனா நம்ம எட்டுப் பேரும் மாட்டுவோம். எழுதாம விட்டா யாருக்கும் ஒண்ணும் இல்ல." என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஒரு வார்த்தை எழுது என்றோ எழுதாதே என்றோ அவர் சொல்லவில்லை. அவர்மேல் பழி போட எனக்கு வழியில்லை. அந்தத் தீபத்துக்கு எங்கள் வீட்டில் சரக்கு நிறைய அழுத்தி வைத்திருந்தோம். விலை நின்றால் நல்லது என்று என் மனசும் ஒரு பக்கம் கணக்குப் போட்டுவிட்டது. வட்ட வில்லை விதியை அழகாக எழுதினேன். கீழே, "வந்திருந்த அனைவரும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டனர்" என்று எழுதினேன். விலையைப் பற்றி எழுதவில்லை. சார் போனதையும் எழுதவில்லை.

அந்தத் தீபத்துக்குச் சரக்கு நல்ல விலைக்குப் போயிற்று. மலைமேல் தீபத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து எந்த வருஷத்தையும்விட ஜாஸ்தி நெய் கொடுத்தோம். மலையில் ஜோதி தெரிந்ததும் எல்லாரையும்போல நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அந்த நெய் யார் வாயிலிருந்து எடுத்தது என்று அப்போது தோன்றவில்லை. இப்போது ஒவ்வொரு தீபத்துக்கும் தோன்றுகிறது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. தீபம் முடிந்த வாரம் முனியம்மாள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். ஊருக்குள் ஒரு கடையிலும் அவள் சரக்கை எடுக்கவில்லை. டப்பா டப்பாவாகத் தேங்கிவிட்டது. கற்பூரம் காற்றில் கரைகிற பொருள். வைத்திருந்தால் டப்பாதான் மிஞ்சும். "சீட்டு குடுக்கறதா சார் சொன்னாரேக்கா, இப்ப சதுரம் ஆவாதுங்கறாங்களே, யாரு போட்ட விதி இது?" என்று கேட்டாள். நான் வாசற்படியில் நின்றுகொண்டு, "சார் தலைமையில போட்ட விதிம்மா. நாங்க இன்னா பண்ண முடியும்?" என்றேன்.

சார் தலைமையில் என்றுதான் சொன்னேன். சார் போட்டது என்று சொல்லவில்லையே என்று அன்றைக்கு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவள் நேரே செங்கம் ரோட்டுப் பக்கம் இருந்த சார் வீட்டுக்குப் போய், தெருவில் நின்று, மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள். அக்கம்பக்கம் பூராவும் பார்த்தது. சார் வெளியே வந்து, அவள் ஓய்கிறவரை நின்று கேட்டுக்கொண்டாராம். பிறகு மனு எழுத ஒரு வெள்ளைத் தாளும், அந்தச் சட்டத்து ஆபீஸ் முகவரியும் கொடுத்து, சங்கத்துமேல் இங்கே மனு போடு, என்மேலும் சேர்த்துப் போடு என்றாராம். முகவரியை அவள் வாங்கிக்கொண்டாள். அவர் பேரையும் சேர்க்கச் சொன்னதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் போட்ட மனுவின்மேல் அடுத்த வருஷம் சென்னையிலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். ஜலதோஷம் பிடித்தவர். கைக்குட்டையும் கையுமாக எங்கள் கூடத்தில் உட்கார்ந்து நடவடிக்கைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார். சாரையும் வரச் சொல்லியிருந்தார். எழுந்து போன நாளிலிருந்து சார் எங்கள் வீட்டுப்படி ஏறியது அன்றைக்குத்தான்.

அதிகாரி கேட்டார்: "இந்தச் சட்டம் உங்களுக்கு நல்லாத் தெரியும்ங்கறாங்க. தெரிஞ்சும் இந்த விதிக்கு உக்காந்து ஒத்துக்கிட்டிருக்கீங்களே?"

"நான் ஒத்துக்கல. எழுந்து போயிட்டேன்" என்றார் சார்.

"புஸ்தகத்துல அப்படி இல்லியே. உங்க கையெழுத்து முதல்ல இருக்குது. ஏகமனதானு இருக்குது."

சார் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் பேசியிருப்பேனோ என்னவோ. கணக்கில் ஒரு தொகை உதைக்கும்போது திரும்பக் கூட்டிப் பார்ப்போமே, அப்படித்தான் பார்த்தார். எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

நான் தண்ணீரோடு திரும்பியபோது சார் சொல்லிக்கொண்டிருந்தார்: "அப்ப என் தப்புதான். எழுதுனாங்களானு மறுநாள் வந்து பாத்திருக்கணும். பாக்கல."

எழுதச் சொன்னேன், எழுதவில்லை என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த அதிகாரி என் பக்கம் திரும்பியிருப்பார், எட்டுக் குடும்பமும் என்னை என்ன செய்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை என்று நான் நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது. நான் அவரைக் கேட்டதில்லை.

வட்ட விதியை எடுத்துவிட்டோம். இனி விலைப் பேச்சு பேசமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தோம். முனியம்மாளுக்குச் சீட்டு கிடைத்தது. சங்கம் தப்பித்தது. சார்தான் தப்பிக்கவில்லை. சட்டம் பேசியவரே உட்கார்ந்து பண்ணியது, ஊருக்கு உபதேசம் என்று நம் ஆட்களே டீக்கடையில் பேசினார்கள். சிலர் என் காது கேட்கவே பேசினார்கள். நான் காதை மூடிக்கொள்ளவில்லை, வாயைத்தான் மூடிக்கொண்டேன். ஊரில் இன்னும் இரண்டு சங்கத்தார் அவரைக் கூட்டம் நடத்தக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் அவரோடு நான் பேசியது ஒரே ஒரு தடவை. ஒரு பௌர்ணமியன்று, பொழுது சாய்கிற நேரம், கிரிவலம் போகும்போது அடி அண்ணாமலையில் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தேன். எதிரே முனியம்மாள் கடை. சார் அங்கே கற்பூரம் வாங்கிக்கொண்டிருந்தார். அவள் காசை வாங்கிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி பொட்டலத்தை நீட்டினாள். மாதாமாதம் அப்படித்தான் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். இந்தக் கடையில்தான் வாங்குவாராம், அவள் ஒருநாளும் முகம் கொடுத்துப் பேசியதில்லையாம். சார் என்னைப் பார்த்துவிட்டு வந்து பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். நெடுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என்னால் தாங்க முடியாமல், "அந்த வரியை நான் எழுதியிருக்கணும் சார்" என்றேன்.

"எழுதாம விட்ட வரியை எப்ப வேணா எழுதலாம் கமலாம்மா" என்றார். "ஒண்ணே ஒண்ணு. பழைய தேதியைப் போட்டு எழுதக் கூடாது. எழுதற அன்னைக்குத் தேதியைப் போடணும்."

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நடந்தார். அன்றிரவே எழுதியிருக்கலாம். வருஷங்கள் போயின. நடேசன் இருக்கிறார், என் வீட்டுக்காரருக்கு மனசு நோகும், மகள் கல்யாணம் முடியட்டும் என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு தள்ளிப்போட்டேன். வீட்டுக் கணக்கில் ஒரு பைசா உதைத்தால் எனக்குத் தூக்கம் வராது. இதை வைத்துக்கொண்டு தூங்கினேன்.

சார் காலமான அன்று அவர் வீட்டுக்கு நாங்கள் போனபோது கூட்டம் அதிகமில்லை. முனியம்மாள் தெருவில், அவள் முன்பு மண் தூற்றிய அதே இடத்தில், தள்ளி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் பிஸ்கட் டப்பா. "இன்னா இருந்தாலும் மாசாமாசம் வந்து வாங்குன மனுசன். வெறுங்கையோட வர மனசில்ல" என்றாள். டப்பாவில் சதுர வில்லைகள். அவள் பக்கத்தில் நின்று, நடந்ததையெல்லாம் சொன்னேன். நாலேகால் மணிக்கு அவர் எழுந்து போனதை, நான் எழுதாததை, வாசற்படியில் நின்று அவளிடம் நான் சொன்ன பொய்யை. அவள் டப்பாவை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவரைப் போயா நான் மண்ணை வாரித் தூத்துனேன்" என்றாள். என் பக்கம் திரும்பி, "ஏன்க்கா, இதை என் ஒருத்தி காதுல ஓதி இன்னா ஆவப் போவுது? நான் தெருவுல நின்னு கத்துனேன். ஊர் பூரா கேட்டுச்சு. நீங்களும் ஊர் கேக்கற மாதிரி சொல்லுங்க" என்றாள். பிறகு உள்ளே போய், அவர் காலடியில் ஒரு சதுர வில்லையை வைத்துக் கொளுத்தி, தரையில் விழுந்து கும்பிட்டாள்.

ஊர் கேட்கிற இடம் எனக்கு இந்த மலர்தான். என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "என் தலைகுனிவையும் எழுதியிருக்கற இல்ல?" என்றார். எழுதியிருக்கிறேன் என்றேன். சரி என்றார். நடேசன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். அவர் இப்போது காது மந்தமாகி வீட்டோடு இருக்கிறார். கேட்டாரா, கேட்காததுபோல் இருந்தாரா, தெரியவில்லை.

சார் மேஜைமேல் விட்டுப்போன தாளும் சாசரும் என்னிடம்தான் இருக்கின்றன. தாள் மடிப்பில் கிழிந்துவிட்டது. கணக்கு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்க அவர் வீட்டுப்படி ஏற எனக்கு முகமில்லை. இப்போது கொடுக்க ஆளில்லை. கூட்டம் நடத்துகிறவர்கள் இனிமேல் அதை முதலில் படிக்க வேண்டும் என்றால், என்னிடம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். சங்கல்பம் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், ஒரு வரி விடாமல் படியுங்கள்.

அவருடைய பதினாறாம் நாளான இன்று, தலைக்குக் குளித்து, விளக்கேற்றிவிட்டு, நடவடிக்கைப் புத்தகத்தை எடுத்து அந்த ஐப்பசிப் பக்கத்தைத் திறந்தேன். ஏகமனதாக என்ற வார்த்தையை அடிக்கவில்லை. அது என் பொய், அது அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே, இன்றைய தேதியைப் போட்டு, இதை எழுதினேன்:

"மேற்படி கூட்டத்தில் திரு. ஏகாம்பரம் அவர்கள் விலைப் பேச்சுக்கும், முனியம்மாளை வெளியே நிறுத்தும் விதிக்கும் சம்மதமில்லை என்று சொல்லி, மாலை நாலேகால் மணிக்கு எழுந்து போனார். எழுதிக்கொள்ளச் சொன்னார். நான் எழுதவில்லை. — கமலா."